வாயுவுக்கு ஒரு குதிர்

இரண்டாம் உலக யுத்த காலத்துக் கரி பஸ்ஸைப் பற்றித் தாத்தா பாட்டி வாயிலாகக் கேள்விப்படாத குடும்பம் கொங்கு நாட்டில் அநேகமாக இராது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் அத்துடன் நின்றது. பெட்ரோல் கூப்பனுக்குள் அடங்கிற்று. பஸ் முதலாளிகள் பார்த்தார்கள். வண்டியின் பின்புறத்தில் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, கையால் சுழற்றும் விசிறியைக் கொண்டு ஊதச் செய்தார்கள். போதிய காற்றுக் கிடைக்காமல் கரி அரைகுறையாகக் கனலும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு பிறக்கிறது. கொஞ்சம் நீராவியும் கலந்தால் ஹைட்ரஜனும் பிறக்கிறது. இவற்றை வடிகட்டி, குளிரச் செய்து, என்ஜினுக்குள் விட்டால் வண்டி ஓடும். ஓடும் என்றுதான் சொன்னோமே தவிர, பறக்கும் என்று சொல்லவில்லை. பீப்பாயிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறையப் பாதி எரியாத நைட்ரஜன். ஆகையால் என்ஜினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்துவிடும். செங்குத்தான மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடக்க வேண்டியதுதான். டிக்கெட்டுக்குப் பணமும் கொடுத்து வண்டியையும் தள்ளிய தலைமுறை அது.

ஆயினும் அந்தப் பீப்பாயை நாம் பரிகாசம் செய்துவிட்டுப் போய்விடலாகாது. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. வாயுவைத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம். கெட்டியான பொருளைத் தூக்கிக்கொண்டு போவது சுலபம். ஆகவே கெட்டிப் பொருளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வேண்டியபோது வேண்டிய அளவு வாயுவை அதிலிருந்து எழுப்பிக்கொள்வது என்பதே அந்த யோசனை. இன்று உலகத்திலுள்ள ரஸாயன சாஸ்திரிகளில் ஒரு கூட்டத்தார் அதே யோசனையை இன்னும் சுத்தமான வேஷத்தில் மேடை ஏற்றப் பாடுபட்டு வருகிறார்கள். அவர்கள் ஏற்ற விரும்பும் பொருள் கரியல்ல. ஹைட்ரஜனைத் தன் உடம்புக்குள் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சூடு காட்டினால் திரும்பக் கொடுக்கும் உலோகம்.

இது கொங்கு நாட்டாருக்கு எதற்காக என்று கேட்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன நாட்டார், அம்மியைப் பறக்க விடாமல் மின்சாரம் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் காற்றுக்கு நம் தேவை தெரியாது. வைகாசி முதல் புரட்டாசி வரையில் அள்ளிக் கொடுத்துவிட்டு, தையிலும் மாசியிலும் கையை விரித்துவிடும். ஒரு நாளுக்குள்ளேயே ஏற்றமும் இறக்கமும் உண்டு. மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் கிடைக்கிறது. அதை மீண்டும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூட்டுவித்தால், எரிபொருள் மின்கலம் என்ற கருவியில் மின்சாரமும் தண்ணீரும் கிடைக்கின்றன, புகை இல்லை. நாமக்கல், சங்ககிரி லாரிகளும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும், நமது பஸ்களும் நாள்தோறும் குடிக்கும் டீசலுக்காக வெளிநாட்டுக்குப் போகும் பணத்தை நினைத்தால் இந்த ஆசை யாருக்கும் வரத்தான் செய்யும். இந்திய அரசாங்கம் 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றுக்கொண்டு, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் உற்பத்தி செய்வதென்று இலக்கு வைத்திருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஹைட்ரஜன் பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் நிலக்கரியைப் போன்ற செல்வமன்று. நாம் போட்டு வைக்கும் பணத்தைக் காக்கும் பெட்டி மட்டுமே. 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போட வேண்டும். அதை மின்கலத்தில் கொடுத்தால் திரும்பி வருவது 16 யூனிட் அளவுதான். ஆகையால் ‘தண்ணீரில் ஓடும் கார்’ என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால், 1996-ல் நாட்டையே ஒரு கலக்குக் கலக்கிய மூலிகைப் பெட்ரோலை நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடலாம்.

சரி, செய்தாயிற்று, வைப்பது எங்கே? இதுதான் முடிச்சு. எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜனில் பெட்ரோலைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி இருக்கிறது. எரிபொருள் மின்கலம் வைத்த நல்ல கார் ஒன்று 1 கிலோவில் சுமார் 100 கிலோ மீட்டர் போகும். கோயமுத்தூரிலிருந்து சென்னைக்குப் போக 5 கிலோ போதும். ஐந்து கிலோ என்றால் ஒரு வாரத்துக் காய்கறிப் பை. ஆனால் அந்த ஐந்து கிலோ, சாதாரண அழுத்தத்தில், பத்தடி நீளம் பத்தடி அகலம் பத்தடி உயரமுள்ள இரண்டு அறைகளை அடைத்துக்கொள்ளும்! அதைக் காருக்குள் திணிக்க இரண்டு வழிகளை மேல்நாட்டார் கண்டார்கள். ஒன்று, வாயுவை 700 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு நெருக்கி, கார்பன் இழை சுற்றிய தொட்டிகளில் அடைப்பது. 2022 மார்ச்சில் டில்லியில் பரிசோதனைக்காக வந்த டொயோட்டா மிராய் காரில் இப்படித்தான் 5.6 கிலோ அடைத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் சோதித்த ஹைட்ரஜன் வண்டியிலும் அழுத்திய வாயுதான். மற்றொன்று, பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி வரை குளிரச் செய்து திரவமாக்குவது. குளிரச் செய்வதற்கே அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அப்படியும் அது கொஞ்சங் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் தொட்டி காலி.

மூன்றாவது வழிக்குப் பூர்வீகம் 1866. லண்டனில் நாணயச் சாலையின் தலைவராக இருந்த தாமஸ் கிரஹாம் என்னும் ரஸாயன சாஸ்திரி, பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் தன் பருமனைப் போல் 900 மடங்கு வரையில் ஹைட்ரஜனைக் குடித்துவிடுகிறது என்று கண்டார். கடற்பஞ்சு தண்ணீரைக் குடிப்பது போன்றதல்ல இது. பஞ்சில் துவாரங்களுக்குள் தண்ணீர் சும்மா நிற்கிறது. உலோகத்தில் ஹைட்ரஜன் இரட்டையாக இருந்த தன் அணுக்களைப் பிரித்துக்கொண்டு, உலோக அணுக்களின் வரிசைகளுக்கு இடையே ஒவ்வொன்றாகப் புகுந்து, அங்கே பந்தம் செய்துகொள்கிறது. கிடைக்கும் புதிய பொருளுக்கு ஹைட்ரைடு என்று பெயர்.

பல்லேடியத்தை நம்பி வண்டி ஓட்டினால் வண்டியை விற்றுத்தான் எரிபொருள் வாங்க வேண்டும். நூறு வருஷங்களுக்குப் பின், 1969–70-ல், ஹாலந்து தேசத்து ஐந்தோவன் நகரிலிருந்த பிலிப்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் காந்த உலோகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் எதிர்பாராமல் ஒன்றைக் கண்டார்கள். லாந்தனம் ஒரு பங்கும் நிக்கல் ஐந்து பங்கும் அணுக் கணக்கில் கலந்த உலோகம், சாதாரண வெப்பத்தில், கார் டயரில் இருக்கும் அளவு அழுத்தத்திலேயே ஹைட்ரஜனை ஏராளமாக வாங்கிக்கொண்டது. அழுத்தத்தைத் தளர்த்தினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தது. இதன் ரகசியம் ரஸமானது. லாந்தனத்துக்கு ஹைட்ரஜன் மேல் அளவிறந்த பற்று, பிடித்தால் விடாது. நிக்கலுக்கோ அவ்வளவு பற்றுக் கிடையாது. இரண்டையும் சேர்த்து வைத்தால் பற்றும் பற்றின்மையும் கலந்து, வாங்கவும் கொடுக்கவும் தெரிந்த குணம் ஒன்று வந்துவிடுகிறது. இவ்வுலோகத்தின் ஒரு லிட்டர் பருமனில் அடங்கும் ஹைட்ரஜன் 110 கிராமுக்கும் மேல்; திரவ ஹைட்ரஜனிலேயே ஒரு லிட்டருக்கு 71 கிராம்தான். அழுத்திக் குளிர வைத்தும் முடியாததை, ஒரு பிடி சாம்பல் நிறப் பொடி அமைதியாகச் செய்துவிடுகிறது! இன்னும் ஒரு நன்மை: குழாய் உடைந்தாலும் வாயு முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறாது. ஹைட்ரஜன் வெளியேறும்போது உலோகம் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்தால் மேலும் விடத் தயங்குகிறது.

லாந்தனம் ஏதோ சந்திர மண்டலத்துப் பொருள் என்று நினைக்க வேண்டாம். கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலிலுள்ள மோனசைட்டில் அது இருக்கிறது.

இவ்வளவு குணங்களுக்கும் ஒரு தோஷம் உண்டு, அது எடை. வீட்டுச் சமையல் காஸ் உருளையை எடுத்துக்கொள்வோம். 14.2 கிலோ காஸுக்கு உருளையின் எடையும் ஏறக்குறைய அவ்வளவே, பாதிக்குப் பாதி. லாந்தனம்-நிக்கல் பொடியிலோ 100 கிலோவில் தங்குவது 1.4 கிலோ ஹைட்ரஜன். சென்னைக்குப் போக வேண்டிய ஐந்து கிலோவுக்குச் சுமார் 360 கிலோ பொடி வேண்டும். அதை வைக்கும் பாத்திரம் வேறு. அதாவது, 75 கிலோ அரிசி மூட்டை ஐந்தைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு, ஐந்து கிலோ சாமானுக்காகப் போக வேண்டும்.

எடை குறைந்த உலோகம் இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் நம் வாசலிலேயே. சேலத்துக்கும் ஏற்காட்டு அடிவாரத்துக்கும் இடையே வெளுத்துக் கிடக்கும் சுண்ணாம்புக் குன்றுகள் உண்மையில் சுண்ணாம்பு அல்ல. மாக்னஸைட் என்னும் வெள்ளைக்கல். இரும்பு உலைகளின் உட்புறச் செங்கல்லுக்காக அதை வெகு காலமாக வெட்டியிருக்கிறார்கள். அதில் நூற்றில் 28 பங்குக்கு மேல் மக்னீசியம் இருக்கிறது. மக்னீசியம் ஹைட்ரைடில் நூற்றுக்கு 7.6 பங்கு ஹைட்ரஜன் தங்குகிறது. சென்னைப் பிரயாணத்துக்கு 66 கிலோ போதும். ஒரு மூட்டைக்கும் குறைவு. ‘பின் என்ன தாமதம்?’ என்று நேயர்கள் கேட்கலாம். மக்னீசியம் ஒரு கஞ்சன். வாங்கியதை லேசில் விடமாட்டான். 300 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால்தான் பையை அவிழ்ப்பான். அவ்வாறு சூடாக்க, கொடுத்த ஹைட்ரஜனின் சக்தியிலேயே நூற்றில் 30 பங்கு போய்விடுகிறது. எரிபொருள் மின்கலத்தின் கழிவுச் சூடு 80 டிகிரி அளவே ஆகையால் அதைக் கொண்டு இந்தக் கஞ்சனை மசியவைக்க முடியாது. உலோகத்தை மிக நுண்ணிய பொடியாக அரைத்து, நிக்கல் முதலியவற்றைச் சிறிது தூவினால் கொடுக்கல் வாங்கல் வேகமாக நடக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். வேகம்தான் கூடுகிறது, பந்தத்தின் பலம் குறையவில்லை. பசையை எவ்வளவு வேகமாக உரித்தாலும் பசை பசைதானே?

இன்னொரு கட்சியார், உலோகத்தையே விட்டுவிட்டு, சோடியம் போரோஹைட்ரைடு போன்ற உப்புக்களைப் பிடித்தார்கள். இதன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் ஹைட்ரஜன். அத்துடன், தண்ணீரோடு சேரும்போது தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனும் வருகிறது. 2001-ல் அமெரிக்காவில் டைம்லர்-கிரைஸ்லர் கம்பெனியார் நேட்ரியம் என்ற பெயரில் ஒரு வண்டியை இந்த உப்பைக் கொண்டே ஓட்டிக் காட்டினார்கள். அடுப்பில் சூடாக்க வேண்டியதில்லை. ஒரு கிரியா ஊக்கியின் மேல் கரைசலை விட்டால் ஹைட்ரஜன் பொங்கி வரும். ஆனால் வாயு போன பிறகு தொட்டியில் மிஞ்சுவது, நம் வெண்காரத்துக்கு உறவான ஒரு சேறு. கரி பஸ்ஸின் சாம்பலை வழியில் கொட்டிவிட்டுப் போகலாம். இந்தச் சேற்றைக் கொட்ட முடியாது. பத்திரமாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போய், ஆலையில் மறுபடி ஹைட்ரஜன் ஊட்டி உப்பாக்க வேண்டும். காலி சோடாப் பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான். ஆனால் பாட்டிலைக் கழுவுகிற செலவு சோடாவின் விலையைவிடப் பல மடங்கு ஆகிவிட்டது. 2007-ல் அமெரிக்க எரிசக்தித் துறை அமைத்த நிபுணர் குழு, கார்களுக்கு இந்த வழியைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

கொங்கு நாட்டுக்குச் சொந்தமான ஒரு பொருளையும் மறக்கலாகாது. காங்கயம், வெள்ளக்கோவில் பக்கத்துத் தேங்காய்த் தொட்டிக் கரியை நீராவியால் பதப்படுத்தினால் அதனுள் கணக்கற்ற நுண்துளைகள் ஏற்படுகின்றன. நல்ல கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டர். அதாவது உள்ளங்கையில் கிள்ளி வைத்த கரிக்குள் 25 சென்ட் நிலம் மடித்து வைத்திருக்கிறது! அந்த நிலத்தில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெறும் ஒட்டுதல், பந்தமல்ல. பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில்தான் உருப்படியாக ஒட்டும். பொள்ளாச்சி வெயிலில் பறந்துவிடும். மிகவும் பற்று வைத்தாலும் கஷ்டம், பற்றே இல்லாவிட்டாலும் கஷ்டம் என்பதற்கு மக்னீசியமும் தொட்டிக் கரியும் இரண்டு எல்லைகள்.

நம் நாட்டார் சும்மா இருந்துவிடவில்லை. காசி ஹிந்து சர்வகலாசாலையில் பேராசிரியர் ஓ. என். ஸ்ரீவாஸ்தவாவும் அவருடைய மாணாக்கர்களும் பல ஆண்டுகள் உழைத்து, ஹைட்ரைடில் அடைத்த ஹைட்ரஜனைக் கொண்டு மோட்டார் சைக்கிளையும் மூன்று சக்கர வண்டியையும் ஓட்டிக் காட்டினார்கள். 2016-ல் பத்மஸ்ரீ பெற்ற அப்பெரியார் 2021 ஏப்ரலில் காலமானார். சென்னை ஐ. ஐ. டி.யில் எம். வி. சி. சாஸ்திரி, பி. விஸ்வநாதன், எஸ். ஸ்ரீநிவாஸ மூர்த்தி ஆகியோர் சேர்ந்து உலோக ஹைட்ரைடுகளைப் பற்றிய நூலொன்றை 1998-ல் பதிப்பித்தார்கள். அவர்களில் விஸ்வநாதன் ரஸாயனக்காரர், மூர்த்தி வெப்பப் பொறியியல்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்லுகிறோம்.

ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழையும்போது சூடு பிறக்கிறது. லாந்தனம்-நிக்கல் பொடியில் ஐந்து கிலோவை நிரப்பும்போது பிறக்கும் சூடு, 250 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். பெட்ரோல் பங்கில் நிற்பது போல் ஐந்து நிமிஷத்தில் நிரப்ப வேண்டுமானால், பத்துக் குதிரைச் சக்திப் பம்புசெட்டுகள் முப்பதுக்கு மேல் ஒரே சமயத்தில் ஓடும் சக்திக்குச் சமமான வெப்பத்தை அந்த ஐந்து நிமிஷமும் வெளியே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் பொடி சூடேறி, இனி வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்ளும். பொடியோ வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. அதுமட்டுமா? ஹைட்ரஜன் உண்ட உலோகம் நாலில் ஒரு பங்கு பருத்துவிடுகிறது; கொடுத்த பின் சுருங்குகிறது. பருத்தும் சுருங்கியும் மேன்மேலும் நொறுங்கி மாவாகிறது. மாவு பாத்திரத்தின் அடியில் இறுகினால், அடுத்த முறை பருக்கும்போது பாத்திரத்தையே பிளக்கப் பார்க்கும். ஹைட்ரஜனில் துளி ஈரமோ பிராணவாயுவோ கலந்திருந்தாலும் உலோகத்தின் பசி மந்தப்படும். கார்பன் மோனாக்ஸைடோ அதற்குச் சுத்த விஷம். ஆகவே யுத்த காலத்துக் கரிப் பீப்பாயின் வாயுவை அப்படியே இதில் அடைப்பதற்கில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது நமக்கு ஒன்று தோன்றுகிறது. புதிய உலோகக் கலவையைக் கண்டுபிடிப்பதைப் பற்றியே பத்திரிகைகள் பேசுகின்றன. வருஷத்துக்கு இரண்டு ‘மகத்தான கண்டுபிடிப்பு’ வராமல் இருப்பதில்லை. ஆனால் பாதிக் காரியம் குதிரில் இருக்கிறது, தானியத்தில் இல்லை. சூட்டை விரைவாக வாங்கவும் கொடுக்கவும் குழாய்களை எப்படி ஓட்டுவது, மாவு இறுகாமல் எப்படித் தட்டுக்கள் அமைப்பது, உலகத்திலேயே மிக இலேசான வாயு கசியாமல் மூட்டுக்களை எப்படி இழைப்பது என்பவை பட்டறைக் கேள்விகள். 1920-ல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே தமது முதல் பஸ்ஸை விட்டு, பின்னர் மோட்டாரும் இயந்திரமும் செய்யப் புகுந்த ஜி. டி. நாயுடுவின் ஊரில், பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்ததிலிருந்து வார்ப்பும் கடைசலும் பம்பும் செய்து பழகிய கைகளுக்கு, இவை அந்நியமான கேள்விகள் அல்ல.

ஆனால் எந்த வண்டிக்கு? குடும்பத்தார் ஏறிப்போகும் காருக்கு ஹைட்ரைடு ஆகாது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. அதற்கு இன்று பாட்டரி இருக்கிறது. போட்ட மின்சாரத்தில் பத்தில் எட்டு ஒன்பது பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. ஹைட்ரஜன் மூன்றில் ஒரு பங்கைத்தான் கொடுக்கிறது. நகரத்துப் பஸ்ஸுக்கும் அதே கணக்குத்தான். ஆடியில் நிரப்பித் தையில் எடுப்பதற்கும் இந்தக் குதிர் உதவாது. நெல் குதிர் மண்ணாலானது. வருஷத்துக்கு ஒருமுறை நிரம்பினாலும் நஷ்டமில்லை. நிக்கலும் லாந்தனமும் போட்ட குதிர், நாள்தோறும் நிரம்பி நாள்தோறும் ஒழிந்தால்தான் போட்ட முதலுக்கு வட்டி கட்டும்.

எடை எங்கே பகையாக இல்லையோ, அங்கேதான் இதற்கு இடம். இதை முதலில் நன்றாக உணர்ந்தவர்கள் ஜெர்மானியர்கள். 2005-ல் அவர்கள் கடற்படையில் சேர்ந்த 212-ஏ வகை நீர்மூழ்கிக் கப்பல்களில் ஹைட்ரஜன் முழுவதும் ஹைட்ரைடு உருளைகளில்தான் இருக்கிறது. நீரில் மூழ்க வேண்டிய கப்பலுக்குப் பாரம் ஒரு தொந்தரவா? கிடங்குகளில் பேல்களையும் பெட்டிகளையும் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி இன்னொரு உதாரணம். முன்னால் தூக்கும் சுமைக்கு ஈடாக அதன் பின்னால் இரும்புக் கட்டியை வேண்டுமென்றே வைக்கிறார்கள். அந்தக் கட்டிக்குப் பதில் ஹைட்ரைடை வைத்து வெளிநாடுகளில் சோதித்திருக்கிறார்கள். மூன்று ஷிப்ட் நடக்கும் நூல் மில்லில், பாட்டரி சார்ஜ் ஏறும் வரையில் வண்டியை நிறுத்தி வைக்க முடியாத இடத்தில், கூரைச் சூரிய மின்சாரத்தால் பகலில் எடுத்த ஹைட்ரஜனை அவ்வண்டியில் நிரப்பலாம். பொடியின் சூட்டை எடுக்கத் தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கும், அவசரமும் இல்லை. ஐந்து நிமிஷத்தை ஒரு மணியாக்கினால் வெப்பப் பிரச்னை பன்னிரண்டில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. டிராக்டரையும் யோசிக்கலாம். உழும்போது சக்கரம் வழுக்காமலிருக்க அதன் டயருக்குள் தண்ணீர் நிரப்புகிற குடியானவர், பாரத்தைக் கண்டு பயப்படப் போவதில்லை. திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டியும் பாரமானதுதான். ஆயினும் இன்று ராஜஸ்தானத்திலும் நாளை ஒரிஸ்ஸாவிலும் துளை போடும் வண்டிக்கு வழியெல்லாம் ஹைட்ரஜன் யார் வைத்திருப்பார்கள்? அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பெரிய முதல் போட்டுப் பார்க்க வேண்டிய காரியமுமல்ல இது. கோயமுத்தூரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்று, அடுத்த தெருப் பட்டறைக்காரரையும் கூட்டிக்கொண்டு, 10 கிலோ கலவை கொள்ளும் பாத்திரம் ஒன்றைச் செய்து பார்க்கலாம். அதில் 140 கிராம் ஹைட்ரஜன் அடங்கும். நிரப்பும்போது எழும் சூடு ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். மாணவர் விடுதியில் அதற்கு உபயோகம் இல்லாமல் போகாது. திரும்ப எடுக்கும்போது இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் கிடைக்கும். ஒரு குதிரைச் சக்தி மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடும். முதல் நாள் நிரம்ப எத்தனை நிமிஷமாயிற்று, ஐந்நூறாவது நாள் எத்தனை நிமிஷமாயிற்று, பாத்திரத்தின் வயிறு எத்தனை நூல் பருத்தது என்று மூன்றே மூன்று விவரங்களைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். பொள்ளாச்சிச் சாலையில் போர்க்லிப்டுக்கு இது ஆகுமா ஆகாதா என்பதை அந்த நோட்டைப் பார்த்து எந்த மில் முதலாளியும் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்.